அம்பு பார்த்த திசை

முதல் புகார் வந்தபோது லென்ஸ்காரன் வாய்விட்டுச் சிரித்தான். 'உங்கள் கேமராவில் குடும்பப் படம் எடுத்தேன். ஓரத்தில் நின்ற என் மாமியாரைக் காணவில்லை. எனக்கு இதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் என் மனைவி விளக்கம் கேட்கிறாள்' என்று கடல் தாண்டி எங்கோ இருந்த ஒரு வாடிக்கையாளர் எழுதியிருந்தார். கூடவே படத்தையும் அனுப்பியிருந்தார். நடுவில் நின்றவர்களின் சட்டைத் தையலை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. ஓரத்துக்குப் போகப் போக ஆட்கள் தண்ணீருக்குள் நிற்பவர்கள் மாதிரி நெளிந்துகொண்டே போனார்கள். மாமியார் இருந்திருக்க வேண்டிய இடத்தில் நீலமாக ஒரு சுழல் மட்டும் இருந்தது.

இரண்டாவது புகார் வந்தபோது சிரிப்பு நின்றது. மூன்றாவது வந்ததும் விற்பனை நோட்டை எடுத்துப் பார்த்தான். சென்ற மாதம் அவன் அனுப்பியது மொத்தம் பன்னிரண்டு கேமரா. பன்னிரண்டிலும் ஓரத்தில் நின்றவர்கள் உருகிக்கொண்டிருந்தார்கள். இதற்கு யார் காரணம் என்று கண்டுபிடிக்க ஒரு மாலைப் பொழுது போதுமானதாக இருந்தது. காரணம் அவனேதான்.

அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். உலகமே படம் எடுக்கும் வேலையை போனிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் காலத்தில், ஃபிலிம் போட்டு எடுக்கும் கேமராவை, அதன் லென்ஸோடு சேர்த்து, ஒரு மாடி அறையில் உட்கார்ந்து புதிதாகச் செய்து விற்பவன். செய் என்று யாரும் அவனைக் கெஞ்சவில்லை. முன்னால் அவன் போன்களுக்குள் போகும் லென்ஸ் செய்யும் தொழிற்சாலையில் இருந்தான். சட்டைப் பொத்தானில் பாதிகூட இருக்காத லென்ஸ்கள், லாரி லாரியாக. "அதுல ஒண்ணக்கூட நான் கையில எடுத்துப் பாத்ததில்ல. லென்ஸ மெஷின் பாக்கும். நான் மெஷினப் பாப்பேன்" என்று வேலையை விட்டதற்கு அவன் சொன்ன காரணத்தை உறவினர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவன் மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சரி என்றிருந்தாள். அந்தக் கணக்கை மட்டும் அவனுக்குக் காட்டியதில்லை.

கேமராவின் உடம்பை ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்குவான். கண்ணாடிகளைத் தேய்த்து மெருகேற்றித் தர வேறொரு இடம். லென்ஸை வரைவது, ஷட்டரைப் பொருத்துவது, விற்பது, வாங்கினவர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது எல்லாம் அவன். லென்ஸுக்குள் கண்ணாடிகளை உட்கார வைப்பது மட்டும் அக்கா.

அக்கா அதற்கு முன்னால் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தவள். குண்டுக் கை, ஒல்லிக் கை, பயத்தில் நரம்பு ஒளிந்துகொண்ட கை, எதுவானாலும் முதல் குத்திலேயே பிடித்துவிடுவாள். கிளினிக் ஊருக்கு வெளியே இடம் மாறியதும் வேலையை விட்டாள். தம்பியின் கையோ வேறு ரகம். ஸ்க்ரூவை எடுத்தால் ஸ்க்ரூ தரையில் இருக்கும். தேடக் குனிந்தால் நிமிரும்போது மேசை தலையில் இடிக்கும். "ரெண்டு வாரம் வந்து பாக்கறேன்" என்று வந்தவள், அதன்பின் வாரங்களைக் கணக்கு வைக்கவில்லை. ஒவ்வொரு லென்ஸிலும் கடைசி வளையத்தைத் திருகி முடிக்கும்போது, "அவ்ளோதான், முடிஞ்சுது, வலிச்சுதா?" என்று முணுமுணுப்பாள். பழக்க தோஷம்.

லென்ஸில் நான்கு கண்ணாடிகள். மூன்றைத் தப்பாகப் போடவே முடியாது; திருப்பிப் போட்டால் உட்காராது. மூன்றாவது கண்ணாடிதான் வில்லங்கம் பிடித்தது. இரண்டு பக்கமும் உப்பியிருக்கும், ஒரு பக்கம் மட்டும் ஒரு துளி அதிகமாக. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தெரியாது. அதனால் கண்ணாடி வந்ததும் அவன் அளந்து பார்த்து, விளிம்பில் பென்சிலால் ஒரு அம்பு போட்டு வைப்பான். அம்பின் முனை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வெளியுலகம். அக்கா அம்பைப் பார்த்துத் தட்டில் அடுக்கி, விளிம்புக்குக் கறுப்பு மை பூசுவாள். மை இல்லாவிட்டால் வெளிச்சம் விளிம்பில் பட்டுச் சிதறிப் படத்தை வெளுத்துவிடும். மை காய்ந்ததும் அம்பு மறைந்துவிடும். அதற்குப்பின் தட்டை நம்ப வேண்டியதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கனமான ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவனுக்கு ஞானம் வந்தது. எல்லா வரைபடங்களிலும் அம்பு வெளிச்சம் போகும் திசையில்தான் இருக்கிறது, வெளியுலகத்திலிருந்து ஃபிலிமை நோக்கி. தான் மட்டும் ஏன் ஏறுக்கு மாறாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம்? அன்றைக்கே, புதிதாக வந்திருந்த பெட்டியில் இருந்த மூன்றாம் கண்ணாடிகள் அத்தனைக்கும் முறைப்படி அம்பு போட்டான். மிகுந்த திருப்தியோடு டீ குடித்தான். அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றில்லை. அக்கா நான்கடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பாள்; எப்போது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான். அக்கா வழக்கம்போல அம்பைப் பார்த்தாள், அடுக்கினாள், மை பூசினாள். பன்னிரண்டு மாமியார்கள் ஆபத்துக்குள்ளானார்கள்.

திரும்பி வந்த முதல் லென்ஸைப் பிரித்துப் பார்த்து, பெட்டியில் மை பூசாமல் மிச்சமிருந்த கண்ணாடிகளின் அம்பையும் பார்த்தபோது அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அக்கா அப்போது வீட்டுக்குப் போயிருந்தாள். காலையில் முதல் வேலையாக அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். காலையில் முதல் வேலையாக வீடியோ எடுத்தான்.

இந்தக் காலத்தில் தனியாளாகக் கேமரா செய்கிறவன் கேமராவோடு தன் முகத்தையும் சேர்த்து விற்க வேண்டியிருக்கிறது. மாதம் ஒரு தடவை போனை எதிரே நிறுத்தி, வாங்கினவர்களுக்கும் வாங்கப் போகிறவர்களுக்கும் பேசுவான். அந்த போனுக்குள் இருந்த லென்ஸ் அவனுடைய பழைய தொழிற்சாலையில் செய்ததாகக்கூட இருக்கலாம். அதில் ஓரம் உருகவில்லை. 'தவறு என்னுடையது' என்று முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று நன்றாகச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். சிவப்புப் புள்ளி எரிந்தது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"வணக்கம். சென்ற மாதம் அனுப்பிய லென்ஸ்களில் ஒரு குறை இருப்பது தெரியவந்திருக்கிறது" என்று தொடங்கியவனின் நாக்கு, முச்சந்திக்கு வந்த மாடு மாதிரி ஒரு கணம் நின்றது. பிறகு சுலபமான பக்கம் திரும்பிக்கொண்டது. "அசெம்பிளியின்போது ஏற்பட்ட கவனக்குறைவால் ஒரு கண்ணாடி திரும்பிவிட்டது. எல்லா லென்ஸ்களையும் திருப்பி அனுப்புங்கள். சரிசெய்து தருகிறோம். மன்னிக்கவும்."

அந்த அறையில் அசெம்பிளி என்றால் அக்கா. ஆனாலும் பொய் என்று விரல் வைத்துக் காட்ட ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. அதுதான் அதில் இருந்த கெட்டிக்காரத்தனம்.

மதியத்துக்குள் கீழே கருத்துகள் வந்து குவிந்தன. 'நேர்மைக்கு நன்றி' என்று ஒருவர். 'இப்படி ஒப்புக்கொள்ளும் கம்பெனி எங்கே இருக்கிறது' என்று இன்னொருவர். அவனுக்குக் காது குறுகுறுத்தது. அதற்குக் கீழே ஒருவர், 'பின்னால் உட்கார்ந்து மை பூசுபவர் யார்? அவர் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது. நீங்கள் கொஞ்சம் நகர்ந்து நில்லுங்களேன்' என்று எழுதியிருந்தார்.

பின்னால் அக்கா இருந்தாள். அவனுடைய எல்லா வீடியோக்களிலும் பின்னால் அக்கா இருப்பாள். சுவரில் கடிகாரம் இருப்பது மாதிரி அவன் அதைக் கவனித்ததே இல்லை.

மறுநாள் காலை அக்கா படியேறி வந்தாள். செருப்பைக் கழற்றினாள். தலையில் பூதக்கண்ணாடிப் பட்டையை மாட்டிக்கொண்டாள்.

"குட்மார்னிங் முதலாளி" என்றாள். அக்காவுக்குக் கிண்டல் புதிதல்ல என்பதால் அவனும் சிரித்தான்.

"என்ன அக்கா, மரியாதையெல்லாம் பலமா இருக்கு?"

"சம்பளம் குடுக்கறவங்களுக்குக் குடுக்கணும்ல, முதலாளி? இன்னைக்கு எத்தன பிரிக்கணும்?"

"இதுவரைக்கும் வந்தது ரெண்டுதான். அக்கா, அந்த மூணாவது கண்ணாடி இருக்குல்ல..."

"திரும்பியிருக்கு. தெரியும் முதலாளி. நீங்கதான் வீடியோல சொன்னீங்களே."

அவன் வாயைத் திறந்தான். சரியாக அந்த நேரம் பார்த்து கூரியர்க்காரர் வந்து சேர்ந்தார். கூரியர்க்காரர் போனபின் வாயைத் திறந்தது எதற்கு என்று மறந்துபோனவன் மாதிரி நடந்துகொண்டான்.

அன்று சாயங்காலம் வீட்டில் அந்த வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தான். ஏற்கெனவே பலமுறை பார்த்ததுதான், ஆனால் தன் தலைமுடியையும் தொந்தியையும்தான் பார்த்திருந்தான். இந்த முறை தன்னை விட்டுவிட்டுப் பின்னால் பார்த்தான். அக்கா இடது கையில் கண்ணாடியை மெல்லச் சுழற்றிக்கொண்டே வலது கையில் தூரிகையை விளிம்பில் பிடித்திருந்தாள். 'அசெம்பிளியின்போது ஏற்பட்ட கவனக்குறைவால்' என்று முன்னால் ஒரு காலர்க்காரன் சொன்னான். பின்னால் தூரிகை நின்றது. கண்ணாடி சுழல்வதும் நின்றது. ஒரு மூச்சு நேரம். பிறகு இரண்டும் பழையபடி ஓடத் தொடங்கின. தலை நிமிரவே இல்லை.

அவன் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினான். அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"உங்க மூஞ்சிய எத்தன தடவதான் பாப்பீங்க?"

"என் மூஞ்சி இல்ல. அக்கா கைய."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த விதமே அவனுக்குப் பயமாக இருந்தது.

"தப்பு அவங்களுதா?"

"இல்ல. என்னுது." அம்பின் கதையைச் சொன்னான்.

"இது வீடியோ எடுக்கறதுக்கு முன்னாடி தெரியுமா, அப்புறம் தெரியுமா?"

கணக்கு டீச்சரிடம் இதுதான் கஷ்டம். எந்தப் படியில் தவறு நடந்தது என்று சரியாக விரலை வைத்துவிடுவாள்.

"முன்னாடியே."

"சரி. உங்க அக்கா, உங்க லென்ஸ், உங்க வாய். நான் இதுல என்ன பண்றது? போய்ப் பேசுங்க."

"அக்கா வேலைய விட்டுடுவாளா?"

"எனக்கெப்படித் தெரியும்? அவங்களக் கேளுங்க."

அடுத்த இரண்டு வாரமும் லென்ஸ்காரன் யாரையெல்லாமோ கேட்டான், அக்காவைத் தவிர. அக்காவுக்காக முதுகு சாய்ந்துகொள்ளும் புதிய நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டான். அவள் அதில் வந்து சேர்ந்த லென்ஸ் பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டுப் பழைய முக்காலியிலேயே உட்கார்ந்தாள். "உக்காந்துக்க அக்கா" என்றால், "இருக்கட்டும் முதலாளி, சரக்கு பத்திரமா இருக்கு" என்றாள். டீ வாங்கி வந்தால், "தேங்க்ஸ் முதலாளி." காற்றாடியை அவள் பக்கம் திருப்பினால், "தூசி பறக்கும் முதலாளி." அந்த ஒரு சொல்லை அவள் ஒருமுறைகூடக் கோபமாகச் சொல்லவில்லை. ரத்தம் எடுக்கும்போது ஊசி போனதே தெரியாது என்று ஊரில் அவளுக்குப் பெயர்.

இதற்கிடையில் கீழ்த்தளத்துப் பல்லுக்காரர் வேறு நுழைந்தார். செயற்கைப் பல் செய்யும் கூடம் அவருடையது. பல் அச்சு வார்க்கும் மாவின் தூசி படியேறி வந்து லென்ஸில் உட்காருவதும், லென்ஸ்காரன் படியிறங்கிப் போய்ச் சத்தம் போடுவதும் அந்தக் கட்டடத்தின் வாடிக்கை. அந்த வாரம் சத்தம் போடப் போனபோது மனிதர் குழைந்தார்.

"கோச்சுக்காதீங்க சார், கதவுக்கு ரப்பர் அடிச்சுடறேன். அது இருக்கட்டும், உங்க அக்காவக் கேட்டிருக்கேன், சொன்னாங்களா?"

"என்ன கேட்டிருக்கீங்க?"

"இங்க வந்துடுங்கன்னுதான். மெழுகுல பல்லு அடுக்கறதுக்கு அந்த மாதிரி ஒரு கை எனக்குக் கெடைக்காது. வீடியோல பாத்தேன் சார். என்னா நிதானம்!"

லென்ஸ்காரன் மாவுத் தூசியை மறந்துபோனான். "அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. சிரிச்சாங்க."

"எப்படிச் சிரிச்சாங்க?"

பல்லுக்காரர் தொழில்முறையில் யோசித்தார். "பல்லு தெரியாம."

அது சம்மதமா மறுப்பா என்று அன்று முழுவதும் அவன் மண்டையை உடைத்துக்கொண்டான். அக்கா போய்விட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவே தேவையில்லை. அலமாரியில் அடுத்த தவணைக்கான கேமரா உடம்புகள் கண்ணில்லாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. முன்பொருமுறை அக்காவுக்குக் காய்ச்சல் வந்தபோது அவனே லென்ஸ் ஒன்றைப் பூட்டிப் பார்த்திருக்கிறான். உள்ளே அவனுடைய கண்ணிமை முடி ஒன்று இன்றைக்கும் பத்திரமாக இருக்கிறது. ஆனால் உண்மையில் அவனை அரித்தது அது இல்லை. வேலை போனால் வேறு ஆளைத் தேடலாம். அக்கா முதலாளி என்றே கூப்பிட்டுக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போய்விட்டால், தினமும் படியில் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சொல் இருக்குமே.

மாமாவைப் பிடித்துக் கேட்டால் தெரியும் என்று தோன்றியது. அக்காவின் கணவர் பேருந்து ஓட்டுநர். டிப்போ வாசலில் அவர் பஸ்ஸில் ஏறி மடக்கினான்.

"மாமா, அக்கா என்னப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

"மாப்ள, நான் எத்தனையோ வருஷமா பஸ் ஓட்டறேன். பின்னாடி ஜனங்க என்ன சண்ட போட்டாலும் திரும்பிப் பாக்கமாட்டேன். அதனாலதான் வண்டி ரோட்டுல இருக்கு."

"கோவமா இருக்காளா, அத மட்டும் சொல்லுங்க."

"வீட்டுல இப்பல்லாம் டிவி சத்தமா வைக்கறா."

"அப்படின்னா?"

"அப்படின்னா டிவி சத்தமா இருக்குன்னு அர்த்தம். வண்டி எடுக்கணும் மாப்ள, எறங்கு."

பிடி கொடுக்காமல் பேசுவதில் அந்தக் குடும்பத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. லென்ஸ்காரனும் அந்தக் குடும்பம்தான் என்பது அவனுக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

கடைசியில் இன்னொரு வீடியோ எடுப்பது என்று முடிவு செய்தான். எந்த வழியில் தப்பு போனதோ அந்த வழியிலேயே திருத்தமும் போகட்டும் என்று அதற்கு ஒரு தத்துவமும் கண்டுபிடித்தான். ஞாயிற்றுக்கிழமை, பட்டறையில் அக்கா இல்லாத நேரம். போனைப் பிடித்துக்கொள்ள மனைவியை அழைத்து வந்தான்.

"வணக்கம். சென்ற வீடியோவில் சொன்னதில் ஒரு திருத்தம். எங்கள் பக்கம் நடந்த ஒரு தவறான புரிதலால்..."

மனைவி போனைத் தாழ்த்தினாள். "எங்கள்னா யாரு?"

"சும்மா ஒரு பேச்சுக்கு..."

"பேச்சுக்கு எத்தன பேரு?"

மறுபடி தொடங்கினான். "குறியீட்டு முறையில் ஏற்பட்ட மாற்றத்தால்..."

"மாத்தம் தானா வந்து ஏற்பட்டுச்சா? மழை மாதிரியா?"

"நீ போனப் புடிக்க வந்தியா, பரீட்ச வைக்க வந்தியா?"

"ரெண்டுக்கும்தான். சொல்லுங்க."

அவன் காலரிலிருந்து கையை எடுத்தான். "அம்பைத் திருப்பிப் போட்டது நான். அதை அக்காவிடம் சொல்லவில்லை. அவர் அம்பு சொன்னபடி சரியாகத்தான் செய்தார். இது தெரிந்துகொண்டேதான் சென்ற வீடியோவில் அசெம்பிளி என்று சொன்னேன். அது தவறு. இரண்டுமே என்னுடைய தவறுகள்."

மனைவி போனை அணைத்தாள். "இது சரி" என்றாள். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, காலியாக இருந்த முக்காலியைக் காட்டினாள். "ஆனா அவங்க இங்கதான உக்காந்திருப்பாங்க? ஊருக்கெல்லாம் சொல்றீங்க. இவ்ளோ கிட்ட இருக்கறவங்களுக்கு மட்டும் ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க?"

அவன் வீடியோவை மட்டும் போட்டுவிட்டான்.

மாமியாரைத் தொலைத்தவர்தான் முதலில் எழுதினார். 'உங்கள் அக்காவுக்கு என் வணக்கம். என் மாமியாரும் வீடியோ பார்த்தார். மறுபடி படத்துக்கு நிற்கச் சம்மதித்துவிட்டார், ஆனால் இந்த முறை நடுவில்தான் நிற்பாராம்.' மற்றவர்களில் இருவர் கேமரா வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அது நியாயம்தான் என்று அவனுக்கே பட்டது.

திங்கட்கிழமை அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றினாள். பட்டையை மாட்டிக்கொண்டாள்.

"குட்மார்னிங் முதலாளி."

"வீடியோ பாத்தியா?"

"எந்த வீடியோ? ஸ்பேனர இங்கிட்டு நகத்துங்க முதலாளி."

பார்த்தாளா இல்லையா என்றே தெரியவில்லை. லென்ஸ்காரன் தன் மேசைக்குப் போய் ஒரு ஷட்டரை எடுத்து வைத்துக்கொண்டு, அதை எதற்காக எடுத்தோம் என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா கடைசியாகத் திரும்பி வந்த லென்ஸைப் பிரித்தாள். வளையத்தைக் கழற்றி, நான்காவது கண்ணாடியை வெளியே எடுத்து, மூன்றாவதை ரப்பர் குழலால் உறிஞ்சித் தூக்கினாள். அதைக் காற்றிலேயே மெல்லத் திருப்பினாள். உள்ளே இறக்கினாள். அது உட்கார்ந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தாள். கீழே பல்லுக்காரரின் இயந்திரம் ஓடி நின்றது.

அவன் ஷட்டரை வைத்துவிட்டு எழுந்து போனான். பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, தான் வாங்கிய அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே தானே உட்கார்ந்தான். நாற்காலி உண்மையில் அவ்வளவு வசதியாக இல்லை.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். வளையத்த வெச்சுட்டுக் கேளு."

"வெச்சா மறை தப்பிடும். சொல்லுங்க."

"அந்தக் கண்ணாடி திரும்பினதுக்கு நீ காரணம் இல்ல. அம்ப நான்தான் மாத்திப் போட்டேன். உங்கிட்ட சொல்லல. வீடியோ எடுக்கறதுக்கு முந்தின நாளே எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் உன் தலையில போட்டுட்டேன்."

அக்கா வளையத்தைத் திருகிக்கொண்டே இருந்தாள். "வாய் தவறிடுச்சா?"

"இல்ல. பயம்."

"என்ன பயம்?"

"லென்ஸ வரையறவனே தப்புப் பண்ணா, அப்புறம் யாரு வாங்குவா?"

"நான் பண்ணதுன்னா வாங்குவாங்களா?"

அவள் வளையத்தை முடித்து, லென்ஸைத் தட்டில் வைத்தாள். வழக்கமாகச் சொல்லும் முணுமுணுப்பு இல்லை. பட்டையை நெற்றிக்கு மேலே தள்ளினாள். பட்டை அழுத்திய தடம் சிவப்பாகக் கோடு போட்டிருந்தது. பட்டை இல்லாமல் அவள் முகத்தை இவ்வளவு கிட்டே பார்த்துப் பல நாளாகிவிட்டது என்று அவனுக்குத் தோன்றியது.

"கிளினிக்குல" என்றாள், "ஒரு தடவ ரத்த பாட்டில் மாறிப்போச்சு. டாக்டரு பேஷண்ட் முன்னாடி என்னத் திட்டினாரு. மாத்தினது அவரு. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நான் கேக்கல. வேலைக்குப் போனா அப்படித்தான்னு இருந்துட்டேன். இங்க அப்படி இருக்காதுன்னு நெனச்சேன்டா."

கடைசியில் வந்த 'டா' அவளுக்கே தெரியாமல் வந்திருக்க வேண்டும். அவன் அதைப் பிடித்துக்கொண்டு தொங்க நினைத்தான். பிறகு, இப்போது அது தன் வேலை இல்லை என்று விட்டுவிட்டான்.

"மன்னிச்சுக்க அக்கா."

அவள் கையைத் துடைக்கும் துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

இரண்டு வாரமாக ஊரெல்லாம் சுற்றிக் கேட்ட கேள்வியை, அது போக வேண்டிய இடத்தில் இப்போதுதான் கேட்டான்.

"பல்லுக்காரர்கிட்டப் போறியா?"

"இல்ல" என்றாள் அக்கா. "முடியாதுன்னு சனிக்கெழமையே அவர்கிட்டச் சொல்லிட்டேன். உன் ரெண்டாவது வீடியோ வர்றதுக்கு முன்னாடியே. உனக்காகன்னு நெனச்சுக்காத. எனக்கு இந்த வேல புடிச்சிருக்கு. பல்லு ஒரு செட்ட அடுக்கினா முடிஞ்சுது. இது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி அடம் புடிக்குது, கடைசியில வளையம் வழுக்கிக்கிட்டு உள்ள போகுது பாரு, அது எனக்கு வேணும். நீ இல்லாட்டியும் வேணும்."

"அப்போ கோவம்?"

"இருக்கு. நீ இப்போ சொன்னதால போயிடல. நாளைக்கும் இருக்கும். நான் வேலைக்கும் வருவேன். எப்போ போகும்னு எனக்கே தெரியாது, போனா சொல்றேன்."